சம்பந்தியம்மாவிடம் நான் சொன்ன மூன்று வாக்கியங்கள்

குமார்,

உன் கல்யாண விருந்தன்று நான் அரைகுறை ஸ்பானிஷில் தடுமாறிவிட்டேன், சொல்ல நினைத்தது ஒன்று, வாயில் வந்தது வேறொன்று என்று உன் அக்கா வசந்தி உறவுக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சாலவாக்கத்தில் அவள் மாமியார் வீடு வரைக்கும் அந்தக் கதை போய்விட்டது. என் மானத்தைக் காப்பாற்றத்தான் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அது உண்மையில்லை. அன்று என் ஸ்பானிஷில் ஒரு பிழையும் கிடையாது. சந்தேகமிருந்தால் லூசியாவைக் கேட்டுப் பார். நான் சொன்ன மூன்று வாக்கியங்களும் நான் சொல்ல நினைத்த அதே மூன்று வாக்கியங்கள்தான். தப்பு நடந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் தப்பை ஒரு மொழியின் தலையில் கட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன்.

நான் அதைப் படித்த கதையை நீ முழுதாகக் கேட்டதில்லை. நீயும் லூசியாவும் ஸ்பெயினில், வலென்சியாவில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, ஊரில் ஒரு விருந்து மட்டும் வைத்தால் போதும், லூசியாவின் அம்மாவும் வருவார் என்று சொன்னாய் அல்லவா, அந்த வாரமே வசந்தி வீட்டு மாப்பிள்ளையிடம் சொல்லிச் சென்னையிலிருந்து ஒரு புத்தகம் வரவழைத்தேன். ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் கற்கும் புத்தகம், கூடவே இரண்டு கேசட். உன்னிடம் சொல்லக்கூடாது என்று வசந்தியிடம் சத்தியம் வாங்கினேன். சம்பந்தியம்மா வந்து நிற்கும்போது, நீ நடுவில் நின்று மொழிபெயர்க்க நான் பொம்மை மாதிரி தலையாட்டிக்கொண்டிருப்பதா? கன்னியர் பள்ளியில் படித்தவள் நான். ஆங்கிலம் பேசிய சிஸ்டர்களிடம் ஆங்கிலத்திலேயே திட்டு வாங்கி, ஆங்கிலத்திலேயே பதில் சொன்னவள். இன்னொரு மொழி எனக்கு எம்மாத்திரம் என்று நினைத்தேன். அந்தத் திமிர் எனக்கு இருந்தது, இப்போதும் இருக்கிறது.

வினைச்சொற்களில் கஷ்டப்பட்டேன். ஆனால் ஒப்பிட்டுப் பேசும் பாடம் வந்தபோது பழகிய வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. ஒருவரை உயர்த்திச் சொல்ல ‘மாஸ்’, தாழ்த்திச் சொல்ல ‘மேனோஸ்’, யாரை விட என்று சொல்ல நடுவில் ஒரு ‘கே’. எல்லோரிலும் அதிகம் என்றால் ‘எல் மாஸ்’, அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்தில் என்று சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான். தென்னேரி ஏரி நம் ஏரியை விடப் பெரியது. திருப்புலிவனம் பஸ் சாலவாக்கம் பஸ்ஸை விடக் கூட்டம் குறைவு. இந்த வருஷ நெல் போன வருஷ நெல்லை விட மோசம். சுவரைப் பார்த்து நான் இதையெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மாட்டைப் பார்த்துக்கொள்கிற கோவிந்தம்மாள் சாணிக்கூடையோடு வாசற்படியில் நின்றுவிட்டாள்.

“இன்னா பெரிம்மா, செவுத்தாண்ட பேசிக்கினு கீறீங்க?”

“பாடம் படிக்கிறேன் கோவிந்தம்மா. குமாரோட மாமியார் வராங்க இல்ல, அவங்க பாஷை.”

“அவங்க பேரு இன்னா?”

“மெர்ஸேதெஸ்.”

“அய்ய, அது காரு பேராச்சே! அந்த ஊருல பொம்பளைக்கு காரு பேரா வெக்கிறாங்கோ?” என்று சிரித்தாள். நான் சொல்லிக்கொண்டிருந்ததற்கு அர்த்தம் கேட்டாள். சொன்னேன். “தென்னேரி ஏரி பெருசுன்றதுக்கா இம்மாம் பெரிய பொஸ்தகம்? அத நானே சொல்லிகினு இருப்பனே” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் பாடத்தில் ஒரு பயிற்சி இருந்தது. உன் குடும்பத்தைப் பற்றி எழுது என்று கேட்டிருந்தார்கள். ‘விட அதிகம்’, ‘விடக் குறைவு’ என்ற வாக்கியங்களை நான் நிறுத்தாமல் எழுதிக்கொண்டே போனேன். பக்கம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன். எல்லாம் உன்னையும் வசந்தியையும் உன் நைனாவையும் பற்றித்தான். இருவரும் சமம் என்று எழுதச் சொன்ன பயிற்சிக்கு வந்தபோது எனக்கு ஒரு வாக்கியமும் தோன்றவில்லை. பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுக் கடைசியில், உப்பு சர்க்கரை அளவுக்கு வெள்ளை என்று எழுதிவிட்டு மூடிவைத்தேன். அன்று எனக்கு அது சிரிப்பாக இருந்தது. இப்போது சிரிப்பு வரவில்லை.

விருந்தன்று நடந்ததை நீ பார்த்தாய். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து நீ பார்க்கவில்லை. சாப்பாடு முடிந்து கூடத்தில் எல்லோரும் தாம்பூலத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் சம்பந்தியம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் மொழியில், எங்கள் வீட்டுக்கு வந்ததற்கு நன்றி, பயணம் மிகவும் களைப்பாக இருந்ததா என்று கேட்டேன். அந்த அம்மா கையிலிருந்த வெற்றிலையைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். கூடம் முழுவதும் சிரிப்பு. உன் முகத்தைப் பார்த்தேன். நீ வாய் பிளந்து நின்றாய், பிறகு சிரித்தாய். சின்ன வயதில் நீ அப்படிச் சிரித்துப் பார்த்தது. அதற்குப் பிறகு பார்த்ததில்லை. அந்த நிமிஷத்தோடு நான் எழுந்து காபி போடப் போயிருக்கலாம்.

அவர் நன்றாகப் பேசினார். தன் அப்பாவும் நெல் விவசாயிதான் என்றார். நம் வயலைக் காலையிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். எங்கள் அரிசி உங்கள் அரிசியை விடக் குட்டை என்று விரலால் காட்டினார். எனக்குப் புரிந்ததில் பெருமையாக இருந்தது. பிறகு லூசியாவைக் கூப்பிட்டுத் தன் மடியோடு சாய்த்துக்கொண்டு, இவள்தான் எங்கள் குடும்பத்திலேயே புத்திசாலி, எல்லோரிலும் பிடிவாதக்காரி, எல்லோரிலும் அழகி என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்கு உடம்பு கூசியது. இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில், பெற்றவளே தன் பெண்ணை இப்படிச் சொல்லலாமா? ஊர்க்கண்ணை விடப் பெற்றவள் கண் பொல்லாதது என்று நம் பக்கத்தில் சொல்வார்களே. அந்தப் பெண்ணுக்காக மனசுக்குள் பயந்தேன். அப்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “உங்கள் மகன்? உங்கள் மகனைப் பற்றிச் சொல்லுங்கள்.”

சொன்னேன். என் மகன் அவன் அக்காவை விடப் புத்தி குறைந்தவன். அவன் அப்பாவை விடச் சோம்பேறி. எங்கள் குடும்பத்திலேயே மிகவும் முரடன். ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி, உச்சரிப்பு தவறாமல் சொன்னேன்.

உறவுக்காரர்கள் கைதட்டினார்கள். உனக்கு நினைவிருக்கும். “பெரிம்மா இன்னாமா பேசறாங்க பாரு, தண்ணி பட்ட பாடு!” என்று உன் ஒன்றுவிட்ட அண்ணன் சத்தம் போட்டான். அந்தக் கைதட்டலுக்கு நடுவே சம்பந்தியம்மாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் ஆள் இல்லை. அவர் உன்னைப் பார்த்தார். நீ தரையைப் பார்த்தாய். லூசியா மெதுவாக எழுந்து வந்து உன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

நான் காத்துக்கொண்டிருந்தேன், குமார். அதுதான் யாருக்கும் தெரியாது. வசந்திக்குச் சம்பந்தம் பேசியபோது நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பத்தாவது படிக்கிற பையனாக நீ கதவோரம் நின்றிருந்தாய். என் பெண்ணுக்குச் சமைக்கத் தெரியாது, கோபக்காரி, பொறுப்பு பத்தாது என்றேன். நான் முடிப்பதற்குள் சாலவாக்கத்து அம்மா என் வாயைப் பொத்துகிற மாதிரி கையை நீட்டிக்கொண்டு, “இன்னா சம்மந்தி இப்டி சொல்றீங்க! மகாலட்சுமியாட்டம் கீது பொண்ணு. எங்க புள்ளதான் ஒண்ணும் தெரியாத மண்ணு” என்றார். உடனே நான், “அய்யோ, மாப்பிள்ளை மாதிரி தங்கம் எங்க கிடைக்கும்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், தட்டு மாற்றினோம். நம் பக்கத்தில் இப்படித்தான். தன் பிள்ளையை அவரவர் இறக்குவார்கள், எதிரில் இருப்பவர் தூக்குவார். தண்ணீர்க்குடத்தைத் தலையில் ஏற்றிவிடுகிற மாதிரி. ஒருத்தி குனிய வேண்டும், இன்னொருத்தி தூக்கிவிட வேண்டும். நான் குனிந்தேன். சம்பந்தியம்மா தூக்குவார் என்று காத்திருந்தேன். தூக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? நான் வார்த்தைகளைப் படித்தேனே தவிர, அந்த ஊரில் குனிந்தால் குனிந்தபடியே விட்டுவிடுவார்கள் என்பதைப் படிக்கவில்லை. அவர் நான் சொன்னதை அப்படியே நம்பினார்.

மறுநாள் நீங்கள் விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது, பெட்டியைக் காரில் வைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாய்: “மூணாவது பாஷையிலயும் அதேதானாம்மா?”

நான் உன்னை இறக்கிப் பேசியதைத் தமிழிலும் கேட்டிருக்கிறாய், கோபம் வந்தால் நான் பேசுகிற ஆங்கிலத்திலும் கேட்டிருக்கிறாய். நான் அப்போதும் விடவில்லை. “ஊர்ல எந்த அம்மா தன் புள்ளைய மெச்சிக்கிறா? மத்தவங்களப் பாரு” என்றேன். மத்தவங்களப் பாரு. அந்த நேரத்திலும் எனக்கு ஒப்பிட யாராவது வேண்டியிருந்தது.

நீ போன பிறகு என்னை நானே நியாயப்படுத்திக்கொண்டிருந்தேன். பழக்கம்தானே, கண்ணேறு படக்கூடாது என்றுதானே, அன்பு இல்லாமலா என்று. உன் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று பள்ளியில் நீதான் முதல் என்று தெருவே வந்து சொன்னது. நான் எல்லோரிடமும், “ஏதோ பாஸ் பண்ணிட்டான்” என்றேன். அவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டு, உன்னை உட்காரவைத்து, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். துளி நெடி வரவில்லை. அத்தனை பேர் கண்ணும் பட்டிருக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு பெருமை தெரியுமா! உன்னைப் பாராட்டிவிட்டேன் என்றே நினைத்தேன். ஆனால் நீ என்ன கேட்டாய்? மிளகாய் வெடிக்கிற சத்தத்தைத்தான் கேட்டாய்.

பழக்கம் என்று சொல்லி எல்லாவற்றையும் மூடிவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஊர் முன்னால் இறக்கிப் பேசுவது பழக்கம். கதவைச் சாத்திய பிறகு? உன் நைனா போன அடுத்த வருஷம், நாற்று காய்ந்துகொண்டிருந்த சமயத்தில் கிணற்று மோட்டார் நின்றுபோனது. வாலாஜாபாத்திலிருந்து மெக்கானிக் வரமாட்டேன் என்றுவிட்டான். கல்லூரி விடுமுறையில் வந்திருந்த நீ அதைப் பிரித்துப் போட்டு, கையெல்லாம் கிரீஸோடு பொழுது சாய்கிறவரை உட்கார்ந்து சரிபண்ணினாய். தண்ணீர் வந்தது. முழுக்க நனைந்து நின்றுகொண்டு, “அம்மா, பாரும்மா!” என்றாய். அங்கே யாரும் இல்லை. கண் வைக்க ஒரு காக்கை கூட இல்லை. நான் சொன்னேன்: “உங்க நைனாவா இருந்தா மத்தியானத்துக்குள்ள முடிச்சிருப்பாரு.”

நீ குனிந்து ஸ்பானரைப் பொறுக்கி எடுத்தாய். செத்தவரோடு ஒப்பிட்டால் உயிரோடு இருப்பவன் எப்படி ஜெயிப்பான்? அன்று எனக்கு அவர் இல்லாதது தாங்கவில்லை, அதை உன் மேல் இறக்கினேன். தண்ணீர் பாய்ந்த அந்த வாய்க்கால் ஓரமாகத்தான் சம்பந்தியம்மா நம் வயலைப் பார்க்கப் போனார்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். போன மாதம் தொலைபேசியில் நீ, ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமியார் வீட்டில் சாப்பாடு என்றாய். அவர் எல்லோர் முன்னாலும் உன்னை, உலகத்திலேயே சிறந்த மருமகன் என்று சொல்கிறாராம். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். அவர் உனக்குக் குளிருக்குக் கம்பளிச் சட்டை பின்னிக் கொடுத்திருக்கிறார். அன்று நான் சொன்ன மூன்று வாக்கியங்களைக் கேட்டுவிட்டு, தாய் இருந்தும் இல்லாத பிள்ளை என்று உன்னைத் தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டுவிட்டார். நான் இறக்கினதை அவர் தூக்கத்தான் தூக்கினார், வேறு இடத்தில், வேறு விதத்தில். நல்ல மனுஷி. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை என்று எழுத நினைத்தேன். பொறாமை இருக்கிறது. அதை எழுதிவிடுவதுதான் சரி.

நேற்று வசந்தி காஞ்சிபுரத்திலிருந்து வந்திருந்தாள். லூசியா உண்டாகியிருக்கிறாள் என்று முதலில் அவளிடம்தான் சொல்லியிருக்கிறாய். எனக்கு வசந்தி வாயால் தெரிய வேண்டியிருந்தது. பிரசவத்துக்கு நான் வந்து இருக்கட்டுமா என்று உன்னிடம் கேட்கச் சொன்னேன். அவள் முதலில் மழுப்பினாள். நான் விடவில்லை. கடைசியில், நீ ஏற்கெனவே அவளிடம் சொன்னதை நீ சொன்ன மாதிரியே சொன்னாள்: “அம்மா வரட்டும் போகட்டும். ஆனா என் கொழந்தையை வேற ஒரு கொழந்தையோட வெச்சி அவங்க பேசறத என்னால ஒரு நாளும் கேக்க முடியாதுக்கா.”

சொல்லிவிட்டு வசந்தி, “அவன் ஏதோ கோவத்துல சொல்றாம்மா, உனக்கு பாஷை தடுமாறிடுச்சின்னு நான் சொல்லிக்கிறேன்” என்றாள். அப்போதுதான் எனக்குக் கோபம் வந்து இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். நீ சொன்னது கோபத்தில் சொன்னது இல்லை. யோசித்துச் சொன்னது. நானாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன்.

அந்தப் புத்தகத்தை இன்று மறுபடி எடுத்தேன். ஒப்பிடும் பாடத்துக்குக் கடைசியில் அரைப் பக்கம் இருக்கிறது. பயிற்சி இல்லாத பகுதி என்பதால் அன்று தள்ளிவிட்டுப் போயிருக்கிறேன். அவர்கள் மொழியில், யாரையும் பக்கத்தில் நிறுத்தாமல், எந்தக் கூட்டத்திலும் சேர்க்காமல், ஒருவரை மிக மிக நல்லவர் என்று சொல்ல ஒரு வழி இருக்கிறதாம். சொல்லின் வாலில் ‘ஈஸிமோ’ என்று சேர்த்துவிட்டால் போதும். நல்லவன் என்றால் ‘புவேனோ’, மிக மிக நல்லவன் என்றால் ‘புவெனீஸிமோ’. யாரை விட என்று யாரும் கேட்க மாட்டார்கள். தமிழில் இதைச் சொல்ல எனக்கு வழி இல்லாமல் இல்லை. ‘ரொம்ப நல்ல பிள்ளை’ என்று கோவிந்தம்மாள் தன் மகனை ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறாள்! நான்தான் வாயைத் திறக்கவில்லை.

குழந்தை பிறந்தால் அது யார் ஜாடை என்று என் வாய் துறுதுறுக்கும். உன்னை விடச் சிவப்பா, வசந்தி பிள்ளைகளை விடக் கனமா என்று கேட்க நாக்கு எழும்பும். இந்த வயதில் நான் முழுக்க மாறிவிடுவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன், கொடுத்தால் அது பொய்யாகும். அடக்கிக்கொள்வேன் என்று மட்டும் சொல்கிறேன். தவறி வாய் திறந்தால், அந்த இடத்திலேயே, எல்லோர் முன்னாலும், நீ என்னை நிறுத்தலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். சம்பந்தியம்மா லூசியாவைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு அவள்தான் எல்லோரிலும் அழகி என்று எத்தனை முறை சொன்னாலும், பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் என்று சொல்வேன்.

குமார், நீ நல்ல பிள்ளை. யாரையும் விட இல்லை. நீ நல்ல பிள்ளை. அன்று மோட்டாரில் தண்ணீர் வந்ததையும், நீ நனைந்து நின்றதையும் நான் பார்த்தேன்.

இந்த வரிகளை எழுதி முடித்ததும் என் கண்ணே உனக்குப் பட்டுவிடுமோ என்று இருந்தது. பழக்கம் எங்கே போகும்? எழுந்து போய் உப்பும் மிளகாயும் எடுத்துவந்து, மேஜை மேல் இந்தக் காகிதத்தைச் சுற்றி, அடுப்பில் போட்டேன். நல்ல நெடி. கோவிந்தம்மாள் கொல்லையிலிருந்து இருமிக்கொண்டே, “யாருக்கு பெரிம்மா சுத்தினீங்க, தொண்ட அடைக்கிது!” என்று கத்தினாள். நெடி வந்துவிட்டால் கண் படவில்லை என்று அர்த்தம். நான் உன்னை நல்ல பிள்ளை என்று சொன்னேன், உனக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிரசவத்துக்கு நான் வரட்டுமா, வேண்டாமா? தொலைபேசியில் சொல்லாதே. வசந்தியிடம் சொல்லி அனுப்பாதே. எதுவானாலும் உன் கையால் எழுதித் தபாலில் போடு.

அம்மா